ஒரே ஒரு கறுப்புப் பொத்தான்

பெட்டியைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தார்கள். வெள்ளைப் பொத்தான்கள் சடசடவென்று கொட்டின. கடைசியாக ஒரு கறுப்பு விழுந்தது. விழுந்தது சும்மா இருக்கவில்லை. உருண்டு மேசை விளிம்பு வரை போய், கீழே குதிக்கலாமா என்று கொஞ்சம் யோசித்து, பிறகு அங்கேயே படுத்துக்கொண்டது. 

ஊசிக்கு அந்தப் பொத்தானை நன்றாகத் தெரியும். பெரிய, நாலு துளை போட்ட கோட்டுப் பொத்தான். போன வாரம் தன் கடை டப்பாவிலிருந்து அவளே எண்ணி எடுத்துக் கொடுத்தது. பழைய பொத்தான்களில் வெள்ளையெல்லாம் பழுத்து மஞ்சளாகிவிட்டது, புதுசாக ஏதாவது கொண்டு வா என்று தலைவி கேட்டதும், கோட்டு தைத்ததில் மிஞ்சிய பெரிய கறுப்பும் சட்டைக்குப் போக மிஞ்சிய சின்ன வெள்ளையுமாக ஒரு பை நிறையக் கொண்டுவந்து நீட்டினாள். தன் தலையில் விழப்போகும் கல்லைத் தானே சுமந்து வந்து கொடுத்திருக்கிறாள், பாவம்.

ஊசி என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பெயரில்லை. தையல் கடை வைத்திருக்கிறாள், பேச்சும் சுருக்கென்று இருக்கும். இரண்டில் எதற்காக அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்று அவளும் கேட்டதில்லை, கூப்பிட்டவர்களும் சொன்னதில்லை. வயது முப்பத்தைந்து. பத்தாம் வகுப்போடு நின்ற படிப்பை, முப்பது தாண்டிய பிறகு, தையல் மிஷின் மேல் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு பன்னிரண்டாம் வகுப்பு வரை இழுத்து முடித்தவள். இப்போது ஆடைத் தொழில்நுட்பம் படிக்கக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. மூன்று வருடம், விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். செலவைச் சங்கம் ஏற்கிறது என்ற கடிதம் அடுத்த சனிக்கிழமைக்குள் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடவும் முடியாது. முப்பத்தைந்தோடு அந்தக் கல்லூரி கதவைச் சாத்திவிடும்.

சங்கம் என்றால் பெரிய கட்டடமெல்லாம் கிடையாது. சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் ஒரு நீளமான அறை, இருபத்திரண்டு பெண்கள், கால் ஆடும் ஒரு மேசை. பெண்களைப் படிக்க வைப்பது, படித்தவளைப் பொறுப்பில் உட்கார வைப்பது, இந்த இரண்டுதான் வேலை. வருடத்துக்கு ஒருத்தியை அனுப்புவார்கள். அவள் திரும்பி வந்து சங்கத்தில் ஒரு பொறுப்பைத் தூக்கிச் சுமக்க வேண்டும். யாரை அனுப்புவது என்பதைப் பொத்தான் போட்டு முடிவு செய்வார்கள். போகிறவளைத் தவிர மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு சுருக்குப் பை, அதில் ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு. பீரோக் கதவைத் திறந்து வைத்தால் அதுதான் மறைவு. அதன் பின்னால் போய், சம்மதம் என்றால் வெள்ளையைப் பெட்டியில் போட வேண்டும், இல்லையென்றால் கறுப்பை. மிச்சப் பொத்தான் பக்கத்தில் இருக்கும் தகர டப்பாவுக்கு. ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் அந்த வருடம் பயணம் கிடையாது. மனசில் கசப்போடு ஒருத்தி பின்னால் நின்றால் போகிறவளுக்குக் கால் இடறும் என்று ஆரம்பித்தவர்கள் அப்படி வைத்துவிட்டார்கள். யார் போட்டது என்று கேட்கவும் கூடாது. ஏழு நாளுக்குள் போட்டவளே எழுந்து நின்று, கறுப்பு என்னுடையது, மறுபடி பெட்டி வையுங்கள் என்று கேட்டால் மட்டும் இன்னொரு முறை வைக்கலாம். இத்தனை வருடத்தில் அப்படி ஒருத்தியும் கேட்கவில்லை. கேட்பதற்குக் கறுப்பும் விழுந்ததில்லை.

"ஊசி, மனசைத் தளர விடாதே," என்றாள் தலைவி. தலைவி பள்ளிக்கூடத்தில் டீச்சர். சங்கம் படிக்க வைத்த முதல் ஆள். "இன்னும் ஏழு நாள் இருக்கு. போட்டவங்க யோசிப்பாங்க."

எவ்வளவு சீக்கிரம் ஆறுதல் சொல்கிறாள் என்று ஊசிக்குத் தோன்றியது. முன்கூட்டியே எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தாளோ? டீச்சரின் தலைமைக் காலம் முடிய மூன்று வருடம் இருந்தது. ஊசி படிப்பு முடித்துத் திரும்பவும் மூன்று வருடம். அடுத்த தலைவி ஊசிதான் என்று மாடிப்படி வரை எல்லோரும் பேசினார்கள். அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க யாருக்குத்தான் மனசு வரும்?

இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு சந்தேகம் உள்ளே வந்து உட்கார்ந்தால் கூடவே நாலு சொந்தக்காரர்களையும் அழைத்து வந்துவிடும்.

மறுநாள் சனிக்கிழமை காலை, சங்கத்தில் ஒருத்தியான மருந்துக்கடைக்காரி ரவிக்கை அளவு கொடுக்க வந்தாள். போன மாதம்தான் அளவு கொடுத்திருந்தாள். டேப்பைத் தோளில் வைத்ததுமே, "சத்தியமா நான் இல்ல ஊசி," என்றாள்.

"நான் ஒண்ணும் கேட்கலையே."

"நீ கேட்க மாட்டேன்னு தெரியும். அதான் நானே சொல்றேன்."

கேட்காமலே சத்தியம் செய்கிறவளை எப்படி நம்புவது? இவள் தங்கைக்கும் இந்த வருடம் விண்ணப்பம் போட ஆசை இருந்தது என்று ஊசிக்கு நினைவு வந்தது. அளவை எழுதும்போது பென்சிலை அழுத்தியதில் முனை ஒடிந்தது.

ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் கடையில் சங்கத்துப் பெண்களின் கூட்டம். கிழியாத துணிக்குத் தையல் போட வந்தார்கள். இறுக்கமாக இல்லாததைப் பிரித்துவிடச் சொன்னார்கள். நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறவள் ஒரு பொத்தான் தைக்கக் கொண்டுவந்து, பொத்தான் என்ற சொல்லைச் சொல்ல முடியாமல் "இது, இது" என்று காட்டிவிட்டுப் போனாள். எல்லோரும் சத்தியம் செய்தார்கள். சிலர் பிள்ளைகள் மேல், சிலர் தங்கள் கண் மேல். போகும்போது ஆளுக்கு ஒரு பெயரைக் காதில் போட்டுவிட்டும் போனார்கள். டீச்சரா இருக்குமோ? மருந்துக்கடையா இருக்குமோ? ஒருத்தி மட்டும் குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்குள்ளயே தேடிப் பாரேன்," என்றாள்.

அது போய்ச் சரியான இடத்தில் தைத்தது. ஊசியின் அண்ணியும் சங்கத்தில் உறுப்பினர்.

செவ்வாய் மத்தியானம் தொலைபேசி மணி அடித்தது. சங்கத்து ஹலோ அக்கா. ஆஸ்பத்திரியில் வரும் அழைப்புகளை அந்தந்த வார்டுக்கு இணைத்துக் கொடுக்கும் வேலை அவளுக்கு; நாள் முழுக்க ஹலோ சொல்லியே அந்தப் பெயர் வந்தது. பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆனால் அவளுக்குப் பார்வையில்லை என்று சங்கத்தில் யாரும் பேசுவதில்லை. நாங்கள் வித்தியாசம் பார்ப்பதில்லை என்பதில் எல்லோருக்கும் ஒரு பெருமை.

"சாப்ட்டியா?" என்றாள் ஹலோ அக்கா.

"எங்கக்கா சாப்பிடறது? யாருன்னு தெரியாம சோறு இறங்கல."

"யாருன்னு தேடாதே ஊசி. தேடினா எல்லாரும் கிடைப்பாங்க."

ஊசி கேட்கவில்லை. அவள் காதில் 'வீட்டுக்குள்ளயே' என்ற சொல் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது.

கடைக்குப் பின்னால்தான் வீடு. அப்பா விழுந்து இடுப்பு உடைந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருந்தார். அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது, துடைத்துவிடுவது, மருந்து கொடுப்பது எல்லாம் ஊசி. அண்ணன் லாரி ஓட்டப் போய்விடுவான். அண்ணி பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை. விடிந்ததும் போனால் மத்தியானம் மூன்றுக்கு வருவாள். ஊசி கிளம்பிப் போய்விட்டால் இத்தனையும் யார் தலையில் விழும் என்று கணக்குப் போட அதிக நேரம் ஆகவில்லை. கல்லூரியிலிருந்து தகவல் வந்த அன்றைக்கு அண்ணி முதலில் கேட்டது, "அப்போ அப்பாவை யாரு பார்க்கறது?" என்பதுதான். வாழ்த்து அதற்கு அப்புறம்தான் வந்தது. அதுவும் அடுப்பைத் துடைத்துக்கொண்டே.

புதன்கிழமை அண்ணி வேலையிலிருந்து வந்து கை கழுவும்போது ஊசி சமையலறை வாசலில் நின்றாள். முந்தின நாளிலிருந்து மென்றுகொண்டிருந்த கேள்வி.

"அண்ணி, நேரா கேட்டுடறேன். கறுப்பு நீங்க போட்டதா?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி குழாயை மூடினாள்.

"என்ன கேட்டே?"

"நான் போயிட்டா உங்களுக்குத்தானே கஷ்டம்? சொல்லிடுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன். வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்களே எழுந்து சொன்னீங்கன்னா மறுபடி பெட்டி வைப்பாங்க."

அண்ணி ஈரக்கையோடு போய், சுவரில் தொங்கிய காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். கம்பெனிக் கடிதம். வீட்டில் படுக்கையில் நோயாளி இருப்பதால் காலை ஷிப்டிலிருந்து மாலை ஷிப்டுக்கு மாற்றித்தரச் சம்மதம் என்று மேலாளர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"சாயங்காலம் உங்கண்ணன் வந்துடுவார். பகல்ல நான் இருப்பேன். மாலை ஷிப்டுல சம்பளம் குறைவு, அது வேற விஷயம். அப்பாவை எப்படித் தூக்கறதுன்னு ஒரு மாசமா நீ கடையில இருக்கும்போது பழகிட்டிருக்கேன். அவரைக் கேட்டுப் பாரு."

ஊசி கடிதத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அவள் கண் மெல்லக் காகிதத்தின் மேல் மூலைக்குப் போயிற்று. தேதி. பொத்தான் போட்டதற்கு முந்தியதா, பிந்தியதா? கேள்வி கேட்பேன் என்று தெரிந்து நேற்று வாங்கி வைத்ததாகவும் இருக்கலாமே?

மூன்று வாரம் முந்திய தேதி.

நிமிர்ந்தபோது அண்ணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி எதைப் பார்த்தாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கடிதத்தை வாங்கி மடித்து மறுபடி காலண்டருக்குப் பின்னால் செருகினாள்.

"தேதி சரியா இருக்கா?" என்றாள்.

ஊசிக்கு வெட்கத்தில் காது இரண்டும் சுட்டன. 

இவ்வளவு பட்டும் புத்தி வந்ததா என்றால், இல்லை. வியாழக்கிழமை காலை மிஷினில் உட்கார்ந்தபடி சத்தியம் செய்தவர்களை விரல்விட்டு எண்ணினாள். டீச்சர்கூட ஒரு பழைய பாவாடையை எடுத்துக்கொண்டு வந்து, "உன்னைத் தலைவியாக்கிட்டு நான் நிம்மதியா வீட்டுல இருக்கணும்னு நினைச்சேன் ஊசி," என்று கண் கலங்கிவிட்டுப் போயிருந்தாள். அண்ணி சத்தியம் செய்யவில்லை, கடிதம் காட்டினாள். மிச்சம் ஒரே ஒரு ஆள். கடைக்கு வரவில்லை, சத்தியம் செய்யவில்லை, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள். தேடாதே என்றும் சொன்னாள். ஏன் தேடக் கூடாது?

தன்னைப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கச் சொல்லி நச்சரித்தவள் ஹலோ அக்கா. ஓய்வு நேரத்தில் தொலைபேசியிலேயே கேள்வி கேட்டு ஒப்பிக்க வைத்தவள். அவளையே சந்தேகப்பட்டுக்கொண்டு, ஊசி கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். தன் கால்கள் அங்கே போவதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் போனாள்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. உள்ளே சுவிட்ச் பலகை, ஒரு நாற்காலி, காற்று வராத ஒரு மின்விசிறி. ஹலோ அக்கா தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எண்கள் எல்லாம் மனப்பாடம். விரல்கள் பலகைமேல் தானாக ஓடின.

"ஊசிதானே? அந்தத் தேஞ்ச செருப்பை இன்னும் மாத்தலையா?"

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. எல்லாரையும் கேட்டுட்டேன். உங்களையும்..."

ஹலோ அக்கா சிரித்துவிட்டாள். கோபித்திருந்தால் ஊசிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"என்னையுமா? சரி, கேட்க வந்துட்டே, சொல்லிடறேன். எப்பவும் போல பெருசைத்தான் போட்டேன். பதினோரு வருஷமா எல்லாருக்கும் அதைத்தானே போட்டிருக்கேன்? உனக்குன்னு ரெண்டு தடவை தடவிப் பார்த்து, நல்லா அழுத்தித் தள்ளினேன்."

ஊசி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

பழைய பொத்தான்கள் அப்போதுதான் அவள் கண்முன் வந்தன. வெள்ளை, பழைய மழைக்கோட்டுகளிலிருந்து பிடுங்கிய பெரிய பொத்தான். கறுப்பு, குழந்தை உடுப்புக்கு வைக்கும் குட்டிப் பொத்தான். எல்லோரும் நிறத்தைப் பார்த்துப் போட்டார்கள். ஒருத்தி மட்டும் அளவைப் பார்த்துப் போட்டாள். பதினோரு வருடம் அது ஒன்றாகவே இருந்தது. இந்தத் தடவை ஊசி அதைத் தலைகீழாக மாற்றிக்கொண்டு வந்து வைத்தாள். வழக்கம்போல ஆரம்பிக்கலாம் என்று தலைவி சொன்னாள். மாற்றிவிட்டோம் என்று ஹலோ அக்காவிடம் ஒருத்தியும் சொல்லவில்லை.

முதலில் வந்தது சந்தோஷம்தான். வெட்கக்கேடு என்றாலும் உண்மை அது. விரோதி என்று யாருமே இல்லை. அக்கா எழுந்து நின்று ஒரு வார்த்தை சொன்னால் கல்லூரி கிடைத்துவிடும்! அதற்குப் பின்னால் மெதுவாக மற்றது வந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டுமென்றால் அக்காவுக்கு முதலில் இது தெரிய வேண்டும். சொல்லாமல் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். சொல்லாவிட்டால் அடுத்த வருடமும் அக்கா இன்னொருத்தியின் கழுத்தைத் தெரியாமலே அறுப்பாள்.

ஊசியின் பையில் எப்போதும் நாலைந்து பொத்தான் கிடக்கும். பெரிய கறுப்பு ஒன்றும் சின்ன வெள்ளை ஒன்றும் எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"புதுசு இதுதானே?" என்றாள் அக்கா, தடவிக்கொண்டே. "வழவழன்னு இருக்குன்னு அன்னிக்கே நினைச்சேன்."

"அக்கா... பெருசு கறுப்பு."

விரல்கள் நின்றன. அதே சமயம் பலகையில் மணி அடித்தது. ஹலோ அக்கா, "ஹலோ, ஆஸ்பத்திரி," என்றாள், எப்போதும் போன்ற குரலில். குழந்தைகள் வார்டுக்கு இணைத்தாள். பிறகு இரண்டு பொத்தானையும் மறுபடி தடவினாள்.

"யாரு எடுத்துக் கொடுத்தது?"

"நான்தான்."

"நீயா?" அந்தக் குரலில் கோபம் இருந்தது. அதற்குக் கீழே ஏதோ உடைந்தும் இருந்தது. "எனக்குன்னு யாரும் தனியா எதையும் சொன்னதில்லை ஊசி. எல்லாரையும் போல நடத்தறாங்கன்னு எனக்கு அது பெருமையா இருந்துச்சு. இப்பதானே தெரியுது, நான் இருக்கறதையே மறந்துட்டீங்க."

ஊசி அழுதாள்.

"அழாதே. நாளைக்கு எத்தனை மணிக்கு?"

"அஞ்சு."

"வந்துடறேன். நீ போ, லைன் வருது."

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு ஹலோ அக்கா எழுந்து நின்றாள். "கறுப்பு என்னோடது," என்றாள். அறை அப்படியே அதிர்ந்துபோயிற்று. மருந்துக்கடைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். "மறுபடி பெட்டி வைங்க. காரணம் சொல்லணும்னு விதி இல்லை."

அவள் அதோடு உட்கார்ந்திருப்பாள். பழியைத் தானே மடியில் போட்டுக்கொண்டு போயிருப்பாள். ஊசிக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்திருக்கும், ஒருத்தருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஊசியின் முழங்கால் ஒரு தடவை உட்கார்ந்தே இரு என்றது. அவள் எழுந்தாள்.

"விதி இல்லைன்னாலும் நான் சொல்றேன்," என்றாள். பொத்தான் கதையைச் சொன்னாள். பெரியது எது, சின்னது எது, யார் மாற்றியது. சொல்லச் சொல்ல, தலைகள் ஒவ்வொன்றாகக் குனிந்தன. "ஒரு வாரமா உங்க எல்லாரையும் சந்தேகப்பட்டேன். என் வீட்டுல இருக்கறவங்களைக்கூட விடலை. பெண்களுக்கு வழிகாட்டப் படிக்கப் போறேன்னு விண்ணப்பத்துல எழுதினவ நான். இருபத்தொரு பேருக்குப் பொத்தான் எடுக்கும்போது இருபது பேரைத்தான் நினைச்சேன். இது தெரிஞ்சு, வேண்டாம்னு தோணுறவங்க கறுப்பைப் போடுங்க. யாருன்னு இந்தத் தடவை தேட மாட்டேன்."

டீச்சர் ஒரு பையை எடுத்து ஹலோ அக்காவின் கையில் வைத்து, "சின்னது வெள்ளை," என்றாள். அக்கா தலையை மட்டும் அசைத்தாள்.

ஊசி வெளியே மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். கீழே சைக்கிள் கடையில் யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். போன வாரம் இதே படியில் உட்கார்ந்திருந்தபோது கறுப்புப் போட யாருக்கும் காரணம் இல்லை. இன்றைக்கு இருந்தது. ஒருத்திக்கு அவளே தேடிப் போய்க் கொடுத்திருந்தாள். உள்ளே அண்ணியின் முறை வரும், பீரோக் கதவுக்குப் பின்னால் போவாள், யாரும் பார்க்கப் போவதில்லை. இந்தத் தடவை வந்தது சந்தேகம் இல்லை, பயம். விழுந்தால் விழுந்ததுதான், கேட்க வாயில்லை.

கூப்பிட்டார்கள். பெட்டியைக் கவிழ்த்தார்கள்.

வெள்ளை. எல்லாம் வெள்ளை. யாரோ கை தட்ட, ஹலோ அக்கா, "அப்போ சரி," என்று சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். ஊசி நகரவில்லை. மேசையருகே நின்று, உதடு அசையாமல், பொத்தான்களை எண்ணினாள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. பழக்கம் எங்கே போகும்? இருபத்தொன்று. அவளுக்கே நம்பிக்கையில்லாமல் முதலிலிருந்து இன்னொரு முறை எண்ணினாள்.

தோளில் ஒரு கை விழுந்தது. அண்ணி.

"நல்லா எண்ணிக்கோ," என்றாள். "அப்புறம் வீட்டுக்கு வா. நீ போறதுக்குள்ள அப்பாவை இடது பக்கம் புரட்டறது எப்படின்னு சொல்லிக் கொடு, அது மட்டும் எனக்கு இன்னும் சரியா வரலை."